இரும்புத் தோசைக்கல்

இல்லத்திற்கு ஒரு பொருளை வாங்குகையில் விலையை மட்டும் விசாரித்துவிட்டு, அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று விசாரிக்கத் தவறுகிற வழக்கம் நம்மிடையே பெருகி வருவதால், இன்று இரும்புத் தோசைக்கல்லைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ரசாயன நிபுணர் ராய் பிளங்கெட் 1938-ஆம் வருஷம் தற்செயலாகக் கண்டறிந்து, பின்னர் டெஃப்லான் என்று பெயர் பெற்ற பொருளைப் பூசிய நான்ஸ்டிக் கல், முதல் நாளிலேயே மாவு ஒட்டாமல் தோசை தருகிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த வழுவழுப்பு மெல்லிய பூச்சொன்றையே ஆதாரமாகக் கொண்டதாதலால், கரண்டியின் கீறலாலும், சுமார் 260 டிகிரி செல்சியஸைக் கடந்த உஷ்ணத்தாலும் அது க்ஷீணித்து, சில வருஷங்களில் வேறொரு கல் வாங்க நேர்கிறது.

வார்ப்பிரும்பின் சுபாவம் வேறு. கல்லைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, நன்றாகச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடியும் அவ்வாறே பலமுறை செய்து பழக்கினால், எண்ணெய் உஷ்ணத்தில் இறுகி, இரும்போடு பிணைந்த கரிய படலமாகிவிடுகிறது. தினந்தோறும் தோசை வார்க்க வார்க்க அப்படலம் உறுதிப்படுகிறது. பாட்டி வாங்கிய கல்லில் பேத்தி தோசை வார்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது.

துரு ஏறினாலும் கவலை வேண்டாம்; தேய்த்து நீக்கி மீண்டும் பழக்கலாம். புளி சேர்ந்த பதார்த்தத்தை அதில் கொதிக்கவிடாதீர்கள், படலம் கரைந்துவிடும். கைதவறிக் கீழே விழுந்தால் வார்ப்பிரும்பு விரிசல் காணும் என்பதால், கனமான அந்தக் கல்லைத் தாழ்வான அலமாரியில் வைப்பதே உத்தமம்.