நிறைகோல்: மதிப்பெண்ணும் நடுவுநிலைமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுவிழாவில், மாணாக்கர்க்குப் பரிசளித்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் பெருமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அப்பெருமையை என்னினும் வல்லார் பலர் ஆண்டுதோறும் இச்சபையில் விரித்துரைத்துள்ளனர். ஆதலின் யான் அதனை விடுத்து, கல்வியை அளக்கும் கருவியாகிய மதிப்பெண்ணைப் பற்றிப் பேசத் துணிந்தேன். இன்று இம்மேடையில் வழங்கப்பெறும் பரிசுகள் யாவும் மிகுதியான மதிப்பெண் பெற்றார்க்கே வழங்கப்பெறுகின்றன. அம்மதிப்பெண் நேரியதாயின் பரிசும் நேரியது. அது கோடியதாயின் பரிசும் கோடியதேயாம். பொருளை நிறுக்குமுன் கோலைச் சோதித்தல் வணிகர்க்கு வழக்கம். அவ்வழக்கம் நமக்கும் ஆகாதோ?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் உவமை கூறியதோடு அமையாது, நிறைகோலையும் உவமை கூறினார். ஐயந்தீரப் பொருளின் அளவைக் காட்டலும், இரு தட்டுக்கும் நடுவாக நிற்றலும் அக்கோலின் இயல்புகள். கற்பிக்கும் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், அளக்குங்கால் நடுநில்லாதவன் ஆசிரியன் ஆகான் என்பதே முனிவர் கருத்து என்று யான் கொள்கிறேன்.

கோலுக்கு வரும் குற்றங்கள் மூன்று. நா ஓரிடத்தில் நில்லாது ஆடுதல் ஒன்று. எடைக்கல் பொய்யாதல் ஒன்று. நிறுப்பவன் தட்டை விரலால் அழுத்துதல் ஒன்று. மதிப்பெண்ணுக்கும் இம்மூன்று குற்றங்களும் உண்டு.

முதலாவது, ஆடுங்கோல். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஸ்டார்ச், எல்லியட் என்னும் இரு அறிஞர்கள், உயர்பள்ளி மாணாக்கர் எழுதிய ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் படியெடுத்துப் பல பள்ளி ஆசிரியர்க்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் அவற்றைத் திருத்தினர். ஒரே தாளுக்கு ஒருவர் 64 இட, மற்றொருவர் 98 இட்டார். மற்றைத் தாளுக்கு 50 முதல் 97 வரை மதிப்பெண் வந்தது. மொழிப்பாடம் ஆதலின் இங்ஙனமாயிற்று என்று சிலர் கூறவே, அவ்வறிஞர்கள் மறு ஆண்டில் வடிவகணிதத் தாள் ஒன்றை அனுப்பினர். அதற்கு 28 இட்டாரும் உளர். 90க்கு மேல் இட்டாரும் உளர்! கணக்கிலும் கோல் ஆடுகின்றது என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

இஃது ஆசிரியர்க்குள் ஒருவரோடொருவர் மாறுபடுதல். ஒருவரே தம்மோடு தாம் மாறுபடுதலும் உண்டு. இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்பவர்கள் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், சரித்திர விடைத்தாள்களைத் திருத்திய பரீட்சகர்களிடமே ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை மீண்டும் கொடுத்தனர். 210 தீர்ப்புகளில் 92இல், தேர்ச்சி என்றும் தவறியது என்றும் சிறப்பு என்றும் தாம் முன் கூறியதைத் தாமே மாற்றிக் கூறினர் என்று கண்டனர். இவர்கள் வஞ்சகர் அல்லர், அனுபவம் முதிர்ந்தவர்கள். காலையில் தளர்வின்றித் திருத்தும் கை வேறு; இரவில் அறுபதாவது தாளைத் திருத்தும் கை வேறு. நன்கு எழுதிய ஒருவன் தாளுக்குப் பின் வரும் நடுத்தரமான தாள் தாழ்வாகத் தோன்றுதலும், மோசமான தாளுக்குப் பின் வரும் அதே தாள் உயர்வாகத் தோன்றுதலும் யான் என்னிடத்தே கண்ட உண்மைகள்.

இக்குற்றத்திற்கு மருந்து உண்டு. இன்ன கருத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று திருத்துமுன் எழுதி வைத்துக்கொள்ளுதல். ஒரு மாணாக்கன் தாள் முழுவதையும் ஒருங்கே திருத்தாது, எல்லார் தாளிலும் முதல் வினாவை முடித்தபின் இரண்டாம் வினாவுக்குச் செல்லுதல். பெயரை மறைத்துத் திருத்துதல். அரசாங்கப் பொதுத்தேர்வில் எழுதியவர் பெயர் திருத்துபவர்க்குத் தெரியாது; விடைக்குறிப்பும் முன்னரே கொடுக்கப்பெறுகின்றது. பொதுத்தேர்வுக்குத் தகுந்த இம்முறை வகுப்புத் தேர்வுக்கு ஏன் தகாது?

இரண்டாவது, பொய்யான எடைக்கல். மதிப்பெண் எதனை அளக்கின்றது என்பதே தெளிவின்றி இருத்தல் இக்குற்றமாம். ஓர் ஆசிரியர் அறிவை அளக்கின்றார். ஒருவர் அழகிய கையெழுத்தை அளக்கின்றார். ஒருவர் பணிவை அளக்கின்றார். ஒருவர் மாணாக்கரை அச்சுறுத்துதற்கென்றே குறைத்து இடுகின்றார். மற்றொருவர் ஊக்கப்படுத்துதற்கென்று கூட்டி இடுகின்றார். யாவரும் இடுவது எண்ணே. ஆனால் எண்ணின் பொருள் வேறு வேறு. நம் மாநிலத்தில் மேல்நிலை வகுப்புகளில் பாடந்தோறும் அகமதிப்பீட்டுக்கென 10 மதிப்பெண் ஒதுக்கப்பெற்றது. வருகை, சிறுதேர்வு, செயல்திட்டம் முதலியவற்றை அளத்தற்கு வந்த நல்ல ஏற்பாடு அது. எனினும் எல்லார்க்கும் பத்துக்குப் பத்து இட்டுவிடும் வழக்கத்தை யான் பலவிடத்தும் கண்டிருக்கிறேன். எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை காட்டும் கோல், கோல் ஆகுமா?

இக்குற்றத்தின் பயனை நாம் 2020ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டோம். கொரோனா நோயின் காரணமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பெற்று, யாவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பெற்றனர். மதிப்பெண்ணோ, காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளைக் கொண்டு நூற்றுக்கு 80ம், வருகையைக் கொண்டு 20ம் எனக் கணக்கிடப்பெற்றது. அரையாண்டில் குறைத்து இட்டால் பொதுத்தேர்வுக்கு நன்கு படிப்பர் என்று கருதிக் கடுமையாகத் திருத்திய ஆசிரியரின் மாணாக்கர், அக்கடுமையையே நிலையான சான்றிதழாகப் பெற்றனர். தாராளமாக இட்ட பள்ளியின் மாணாக்கர் அத்தாராளத்தைப் பெற்றனர். இருவர் அறிவும் ஒன்றாக இருந்திருக்கலாம். எந்த மதிப்பெண்ணும் விளையாட்டு மதிப்பெண் அன்று என்பதே அவ்வாண்டு நமக்குக் கற்பித்த பாடம்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்கும் தேர்வு நடைபெறாமையால், ஆசிரியர் மதித்த தரங்களை, அவ்வப் பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியைக் கொண்டு ஒரு கணக்கு முறையால் திருத்தினர். ஆகஸ்டு 13ஆம் நாள் ஏ-லெவல் முடிவுகள் வெளிவந்தபோது, ஆசிரியர் மதித்த தரங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 தாழ்த்தப்பெற்றிருந்தன. முன்பு நல்ல தேர்ச்சி காட்டாத பள்ளியில் பயின்ற கூரிய மாணாக்கன், தன் பிழையால் அன்றித் தன் பள்ளியின் பழைய கணக்கால் தாழ்ந்தான். நாடெங்கும் எழுந்த கூக்குரலால் ஆகஸ்டு 17ஆம் நாளே அம்முறை கைவிடப்பெற்றது. ஒருவனை அவனைக் கொண்டு அளவாது, அவன் கூட்டத்தைக் கொண்டு அளந்ததே அங்கு நேர்ந்த பிழை. பிறப்பால் கூடிய சங்கத்தில் நின்று பேசுகின்ற யான், இதனைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாவது குற்றத்திற்கு வருகிறேன். தட்டை விரலால் அழுத்துதல். இதனைப் பிறர்மேல் வைத்துப் பேசுதல் எளிது. யான் என்மேலேயே வைத்துப் பேசுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நம் குலத்துப் பெரியவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். இன்று அவர் இலர். யான் படித்த காலத்தில் புத்தகமும் கட்டணமும் கொடுத்து உதவியவர். தம் பேரன் என் வகுப்பில் பயில்வதைச் சொல்லி, "வாத்தியார் தம்பி, நம்ம பிள்ளைக்குக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று மட்டும் கூறி, மோர் அருந்திவிட்டுப் போனார். அன்றிரவு அச்சிறுவன் தாளை எடுத்தேன். சந்திப் பிழைகளுக்காகக் குறைத்திருந்த மூன்று மதிப்பெண்ணைத் திரும்பச் சேர்த்தேன். 88 என்பது 91 ஆயிற்று. அவ்வாண்டு வகுப்பின் தமிழ்ப் பரிசு அவனுக்குச் சென்றது.

90 மதிப்பெண் பெற்றிருந்தவள் ஒரு சிறுமி. கூலிவேலை செய்வார் ஒருவரின் மகள். நம் குலத்தவள் அல்லள். பிள்ளைகள் தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பர் என்பதை யான் மறந்தேன். மறுநாள் அவள் இரு தாள்களையும் கொண்டுவந்து, "ஐயா, இதே பிழை இரண்டிலும் இருக்கிறது, எனக்கு மட்டும் குறைத்தது ஏன்? இனித் திருத்திக்கொள்வதற்காகக் கேட்கிறேன்" என்றாள். அவள் குரலில் சினம் இல்லை. யான், "அவன் கையெழுத்து நன்றாக இருந்தது" என்றேன். அவள் கையெழுத்தே அவனதினும் நன்று. அவள் இரு தாள்களையும் ஒருமுறை பார்த்தாள்; "சரி ஐயா" என்று சொல்லிப் போனாள். பக்கத்தில் நின்ற அச்சிறுவனும் அதனைக் கேட்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் ஒரு வினாவுக்கும் கை தூக்கவில்லை. அன்றே திருத்தியிருக்கலாம், திருத்தினேன் அல்லேன். ஒரு மூன்றெண்ணால் யான் இரு குழந்தைகளைக் கெடுத்தேன்.

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரம். நடுவுநிலைமை 12ஆம் அதிகாரம். இவ்வரிசைக்குப் பரிமேலழகர் காரணம் கூறுகின்றார்: நன்றி செய்தாரிடத்து அந்நன்றியை நினைக்குங்கால் நடுவுநிலைமை சிதையக்கூடும், அங்கும் அது சிதையலாகாது என்பதற்கே அடுத்து வைக்கப்பெற்றது என்கிறார். இதனை யான் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்தவன். விளக்கத் தெரிந்த எனக்கு நிற்கத் தெரியவில்லை. பெரியவர் எனக்குச் செய்த நன்றிக்கு யான் என் பொருளைக் கொடுத்திருக்கலாம். பேரனுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அச்சிறுமிக்கு உரியதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை ஏது?

"பிறர் தம்மவர்க்குச் செய்கின்றனரே, நாம் மட்டும் நடுநின்றால் நம் பிள்ளைகள் பின்தங்காரோ?" என்று கேட்பார் உண்டு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறகுலத்து ஆசிரியரிடமே பயில்கின்றனர். அங்கு நாம் வேண்டுவது நடுவுநிலைமையே. அங்கு வேண்டுவதை இங்கு மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், ஒருவனுக்குச் சலுகையால் வந்த மதிப்பெண், உழைத்துப் பெற்ற நம் பிள்ளைகள் அனைவர்மேலும் ஐயத்தை விளைவிக்கும். "அவர்கள் ஆள் இட்டது" என்னும் ஒரு சொல் போதும். நூறு நேர்மையான மதிப்பெண்கள் மதிப்பிழக்கும்.

"ஏழைப் பிள்ளை, 35க்கு இரண்டு குறைகின்றது, இரக்கம் காட்டலாகாதோ?" என்பாரும் உண்டு. இரக்கம் வேண்டும். அதனைத் தேர்வுக்கு முன் காட்டுக. மாலையில் அமர்த்தி மீண்டும் கற்பிக்குக. மீண்டும் எழுத வாய்ப்புத் தருக. வினா பிழையாக இருந்தால் யாவர்க்கும் ஒப்ப மதிப்பெண் தருக. எண்ணில் இரக்கம் காட்டுவது, நோயாளிக்கு மருந்து கொடாமல் வெப்பமானியை மாற்றி வைப்பது போலாம்.

இனி வேண்டுகோள்கள் சில. பெற்றோர்களே! "எத்தனை வாங்கினாய்?" என்று கேளாது, "எங்கே பிழைத்தாய்?" என்று கேளுங்கள். விடைத்தாளைக் காட்டுமாறு கேட்க அஞ்சாதீர்கள். தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பெற்ற தாளைக் காணும் உரிமை உடையர் என்று உச்சநீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. தாளைக் காண வருபவரை வரவேற்பேன். எண்ணைக் கூட்ட வருபவரை வணங்கி அனுப்புவேன்.

ஆசிரியர்களே! காரணம் சொல்ல இயலாத மதிப்பெண்ணை இடாதீர்கள். அச்சிறுமி கேட்ட வினாவுக்கு விடை கூற இயலுமாயின் கோல் நேராக நிற்கின்றது என்பது பொருள்.

சங்கத்துப் பெரியோர்களே! வெவ்வேறு பள்ளிகள் இட்ட மதிப்பெண்களை ஒன்றோடொன்று வைத்து நாம் உதவித்தொகை வழங்குகின்றோம். தாராளமாக இடும் பள்ளியின் பிள்ளை பெறுகின்றான். கண்டிப்பான பள்ளியின் பிள்ளை இழக்கின்றான். இனிச் சங்கமே ஒரு சிறுதேர்வு வைத்து, பெயர் மறைத்து, நம் குலத்தவர் அல்லாத ஆசிரியர் இருவரைக் கொண்டு தனித்தனியே திருத்துவித்து, அதன்படி வழங்குமாறு வேண்டுகிறேன். 2017ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே நிறுத்திற்று. நாமும் ஓரெண்ணின் வேற்றுமைக்கு ஒருவனை மேடையேற்றி ஒருவனைக் கீழே இருத்தும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யலாம்.

மாணவச் செல்வங்களே! இன்று நீங்கள் பெறும் பரிசு உங்கள் உழைப்பிற்கு உரியது என்றே நம்புகிறேன். உரியதன்று என்று உங்கள் உள்ளத்துக்குத் தெரிந்த மதிப்பெண் என்றேனும் கிடைத்தால், ஆசிரியரிடம் சென்று சொல்லுங்கள். அவர் திருத்துவதற்கு அஞ்சினாலும், நீங்கள் சொல்வதற்கு அஞ்சாதீர்கள். அன்று என் வகுப்பில் தலைகுனிந்து நின்ற சிறுவனுக்கு அத்துணிவை யான் கற்பிக்கத் தவறினேன். உங்களுக்காயினும் கற்பிக்கவே இக்கதையைச் சொன்னேன்.