மனையும் வீடும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இன்று நாம் வீட்டைப் பற்றிப் பேச விழைகின்றோம். நம்மவர் பலரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இப்போது இதுதான். பழைய வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டக் கொடுப்பதா? விற்றுவிட்டு வேறொரு செல்வப் புறநகர்க்குக் குடிபெயர்வதா? இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதா? பிள்ளைகள் தொலைபேசியில் ஒன்று சொல்லுகின்றனர். அண்டை வீட்டார் மற்றொன்று சொல்லுகின்றனர். தரகர் மூன்றாவதாக ஒன்று சொல்லுகின்றார்.

இப்பொருளைப் பேசத் தமிழை விட்டு விலக வேண்டுவதில்லை. தமிழில் நிலத்துக்கும் மனை என்று பெயர். அதில் எழுந்த வீட்டுக்கும் மனை என்று பெயர். அதில் நடக்கும் வாழ்வு மனையறம். நம் முன்னோர் மூன்றையும் ஒரு சொல்லில் வைத்தனர். இன்றைய சந்தை அச்சொல்லை இரண்டாகப் பிளந்துவிட்டது. நிலத்துக்கு மட்டுமே விலை. வீட்டுக்கு விலை இல்லை. வீடு நிற்பது இடிகூலி வைக்கும் தொல்லை என்று கருதப்படுகின்றது. இந்தப் பிளவால் விளைவன யாவை என்பதே நம் பேச்சு.

பாலாநகர் நமக்கு வேலை கொடுத்த ஊர். 1961இல் நிறுவப்பெற்ற ஐ.டி.பி.எல். நிறுவனத்தின் மருந்து ஆலை, எச்.ஏ.எல்., எச்.எம்.டி., அருகிலே சனத்நகரில் ஆல்வின், 1968இல் தோன்றிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் என அடுத்தடுத்துத் தொழிலகங்கள் எழுந்தன. டர்னர்களும் பிட்டர்களும் பொறியாளர்களும் கணக்கர்களுமாக நம்மவர் வந்து சேர்ந்தனர். சேமநிதியையும் கடனையும் கொண்டு இருநூறு, முந்நூறு கஜத்தில் வீடு கட்டினர். முன்புறம் வேப்பமரமும் பின்புறம் கறிவேப்பிலையும் வைத்தனர். ஐ.டி.பி.எல். ஆலை ஓய்ந்துவிட்டது. மரங்கள் வளர்ந்துவிட்டன. 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. 2021இல் பாலாநகர் மேம்பாலம் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை நாம் கனவிலும் எண்ணாத உயரத்துக்குச் சென்றது. வீடு மட்டும் பழையதாயிற்று.

ஐதராபாத்தின் செல்வப் புறநகர்கள் எவ்வாறு தோன்றின என்பதைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். பஞ்சாரா மலை, நிஜாம் ஆட்சியின் பிற்பகுதியில் பாறைகளுக்கு இடையே மாளிகைகள் எழுந்த இடம். ஜூபிலி மலை, 1960களில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் வழியே மனைகளாகப் பிரிக்கப்பட்டது. சைனிக்புரி, முன்னாள் படைவீரர்க்கென அமைந்த குடியிருப்பு. செகந்திராபாத்தின் மாரேட்பள்ளியும், பத்மராவ் முதலியார் பெயர் தாங்கிய பத்மராவ்நகரும் தமிழர்க்குத் தாய்வீடு போன்றவை. கந்தகிரிக் கோயில் மணியோசை கேட்கும் தெருக்கள் அவை. இவை யாவும் ஒரே காரணத்தால் விரும்பப்பட்டன. வீட்டைச் சுற்றி வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தில் காற்றும் நிழலும் நீரும் இருந்தன.

இப்போது அந்த வெற்றிடத்துக்கே விலை கூறப்படுகின்றது. இங்கேதான் வியப்பான ஒரு முரண்பாடு இருக்கின்றது. மரங்களுக்காகவும் அமைதிக்காகவும் ஒரு புறநகரை நாடி மக்கள் வருகின்றனர். வருவோர் மிகுந்ததால் நிலத்தின் விலை ஏறுகின்றது. விலை ஏறியதால் வீடு இடிக்கப்படுகின்றது; மரம் வெட்டப்படுகின்றது. இறுதியில் வருபவர் எதற்காகப் பணம் கொடுத்தாரோ, அதனை அவர் வாங்கிய கட்டடமே அழித்துவிட்டிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முந்நூறு கஜ மனையில் ஒரு வீடு. நான்கு பேர், இரண்டு வண்டிகள். அதனை இடித்துத் தூண்களின்மேல் நான்கு மாடியும் மாடிக்கு இரண்டு வீடுமாகக் கட்டினால் எட்டுக் குடும்பங்கள். முப்பது பேருக்கு மேல். பத்துப் பதினைந்து வண்டிகள். தெருவின் அகலம் கூடவில்லை. சாக்கடைக் குழாய் கூடவில்லை. குடிநீர்க் குழாயும் பழையதே. தெருவில் ஒருவர் இடித்தால் தெரு தாங்கும். பத்துப் பேர் இடித்தால் தெருவின் இயல்பே மாறிவிடும். 2012ஆம் ஆண்டின் கட்டட விதிகள் தரைப்பரப்புக்கு இத்தனை மடங்குதான் கட்டலாம் என்று வரம்பு வைக்கவில்லை. மனையின் அளவு, முன்னுள்ள சாலையின் அகலம், விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றைக் கொண்டே உயரத்தை வகுத்தன. ஆகவேதான் அடுத்தடுத்த இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்குவதில் கட்டுவோர்க்கு அவ்வளவு விருப்பம்.

அடுத்து நீர். நம் நகரம் கருங்கற்பாறையின்மேல் அமர்ந்திருக்கின்றது. பாறைக்கு மேலே சிதைந்த மண்ணும் சரளையும் கலந்த ஓர் அடுக்கு உண்டு. மழைநீர் அவ்வடுக்கில் தங்கி, பாறையின் வெடிப்புகள் வழியே கீழே இறங்குகின்றது. பழைய வீடுகளின் கிணறுகள் அந்த நீரையே நம்பியிருந்தன. அடித்தளத்தில் வண்டி நிறுத்த மண்ணை அகழ்ந்து, எஞ்சிய இடத்துக்கும் சிமெண்டு பூசிவிட்டால் நீர் இறங்க வழி எங்கே? அது தெருவில் ஓடுகின்றது. 2020 அக்டோபர் 13ஆம் நாள் பெய்த பெருமழையில் நகரத்தின் எத்தனையோ குடியிருப்புகள் நீரில் நின்றதைக் கண்டோம். அந்நிலைக்கு ஏரிகளும் கால்வாய்களும் அடைபட்டது பெரிய காரணம். மண் மூடப்பட்டதும் ஒரு காரணம். மழையில் மிதந்த தெருவே கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கின்றது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கிருஷ்ணை நீரையும் கோதாவரி நீரையும் மேட்டில் ஏற்றிக் கொண்டுவரும் நகரம் இது.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1920களில் சென்னையில் திட்டமிட்டு அமைத்த தியாகராயநகரில் தோட்ட வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்கு மாடிகளும் கடைகளும் நிற்கின்றன. செட்டிநாட்டில் இடிக்கப்பட்ட மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிச் சந்தையில் விலைக்குக் கிடைக்கின்றன. அமெரிக்காவிலுள்ள நம் பிள்ளைகளைக் கேளுங்கள். சிகாகோவை அடுத்த ஹின்ஸ்டேல் போன்ற செல்வப் புறநகர்களில் நல்ல நிலையிலுள்ள வீட்டை வாங்கி இடித்துவிட்டு, மனை முழுதும் அடைக்கும் பெருவீட்டைக் கட்டுகின்றனர். அங்கே ஒரு வேறுபாடு உண்டு. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் மீண்டும் ஒரே குடும்பம்தான் வாழ்கின்றது. நம் ஊரில் எட்டுக் குடும்பத்துக்கேனும் இடம் கிடைக்கின்றது.

இந்த இடத்தில் நாம் நடுநிலை தவறலாகாது. இடிப்பது எல்லாம் தீமை என்று சொல்வது எளிது; உண்மை அன்று. நகரம் வளர்கின்றது, வேலைக்கு வரும் இளைஞர்க்கு வீடு வேண்டும். நாம் வந்தபோது நமக்கு இடம் கொடுத்த ஊர் இது. பின்னர் வருவோர்க்குக் கதவை அடைப்பது நமக்கு அழகன்று. முழங்கால் வலியோடு மாடியேற இயலாத முதியோர்க்கு மின்தூக்கி ஒரு வரம். தந்தை விட்டுச் சென்ற ஒரு வீட்டை மூன்று மக்கள் பங்கிட வேண்டுமாயின், மூன்று அடுக்கு வீடுகள் வழக்கு மன்றத்தினும் நல்லவை. ஆகவே, இடிக்கலாமா கூடாதா என்பதைவிட எப்போது, எவ்வாறு, யாரைக் கேட்டு என்பனவே நாம் ஆராய வேண்டியவை.

முதலாவது, இடிக்குமுன் வீட்டைச் சோதித்துப் பாருங்கள். ஒழுகும் கூரையும் துருவேறிய கம்பியும் எல்லா வீட்டுக்கும் சாவோலை ஆகா. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டினால், பழுது பார்த்து இன்னும் இருபது ஆண்டு வாழலாமா, மேலே ஒரு மாடி ஏற்றலாமா என்று சொல்வார். கட்டச் சொல்பவரிடமே 'இடிக்க வேண்டுமா?' என்று கேட்பது, துணிக்கடைக்காரரிடம் புடவை வேண்டுமா என்று கேட்பதைப் போன்றது.

இரண்டாவது, ஒப்பந்தத்தைத் தெளிவாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஐந்நூறு சதுர மீட்டருக்கும் எட்டு வீடுகளுக்கும் மேற்படாத சிறு திட்டங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. நாம் முன்னர்ச் சொன்ன முந்நூறு கஜம் ஏறத்தாழ 250 சதுர மீட்டர், வீடுகளும் எட்டே. பெருந்திட்டத்தில் வாங்குவோர்க்குப் பதிவால் கிடைக்கும் காப்பு நமக்கு இராது. எனவே ஒப்பந்தப் பத்திரமே நம் அரண். எத்தனை மாதத்தில் முடியும், தாமதித்தால் என்ன ஈடு, அதுவரை வாடகை யார் தருவது, குடியேறும் சான்றிதழ் யார் பெற்றுத் தருவது ஆகிய நான்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும். கட்டுவோரின் வழக்கறிஞர் வேறு. நம் வழக்கறிஞர் வேறாக இருக்கட்டும். முந்நூறு கஜத்துக்கு உரிமையாளராக இருந்தவர் கட்டி முடிந்தபின், ஒரு வீட்டுக்கு முப்பத்தேழரை கஜமே பிரிபடாப் பங்காகப் பெறுவார் என்பதையும் மறவற்க.

மூன்றாவது, இடித்தே தீர வேண்டுமாயின் முறையாக இடியுங்கள். கதவு, சன்னல், உத்தரம், செங்கல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தால் அவை மீண்டும் பயன்படும். கனடாவின் வான்கூவர் நகரம் 1940க்கு முன் கட்டிய வீடுகளை இடிப்போர் பொருள்களில் பெரும்பகுதியை மறுபயனுக்கோ மறுசுழற்சிக்கோ அளிக்க வேண்டுமென விதி செய்தது. நமக்கும் வழி இருக்கின்றது. கட்டட இடிபாடுகளை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலை 2020இல் நம் பக்கத்து ஜீடிமெட்லாவிலேயே திறக்கப்பட்டது. அப்படியிருக்க, நள்ளிரவில் ஏரிக்கரையில் கொட்டிச் செல்வது எவ்வளவு கீழ்மை! எல்லையோரத்து மரங்களைக் காத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி மரம் வெட்ட அனுமதி பெற வேண்டும். சுற்றிலும் ஒரு பகுதியேனும் மண்ணாகவே இருக்கட்டும். மழைநீர்க் குழி பெயருக்கு இல்லாமல் நீருக்கு இருக்கட்டும்.

குடிபெயர எண்ணுவோர்க்கும் சில சொற்கள். புறநகரின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. 'ஜூபிலி மலை' என்று முகவரியில் எழுதுவதற்காகத் தருகின்ற தொகையில், நிழலுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அந்தத் தெருவின் பத்தாண்டுக்குப் பிந்திய நிலையை இன்றே ஓரளவு காணலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அவையெல்லாம் நாளை மாடிகள் ஆகக் கூடியவை. சாலையின் அகலத்தை அளந்து பாருங்கள். அகலம் மிகுந்தால் உயரமும் மிகும். மே மாத நண்பகலில் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை சென்று பாருங்கள். இவற்றோடு, உடல்நலம் குன்றிய நள்ளிரவில் யார் வீட்டுக் கதவைத் தட்ட இயலும் என்றும் எண்ணுங்கள். பாலாநகரிலோ மாரேட்பள்ளியிலோ முப்பது ஆண்டு பழகிய அண்டை வீட்டாருக்கு எந்தப் புறநகரிலும் விலைப்பட்டியல் இல்லை.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை இடிப்பது தனி ஒருவர் உரிமை. அதன் விளைவோ தெரு முழுமைக்கும் உரியது. ஒரே தெருவில் உள்ளோர் கூடிப் பேசி, உயரத்துக்கும் மரங்களுக்கும் வண்டிகளுக்கும் ஓர் உடன்பாடு செய்துகொண்டால் தனித்தனியே ஏமாற வேண்டியதில்லை. நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற பொறியாளர்கள் இருக்கின்றனர், வழக்கறிஞர்கள் இருக்கின்றனர், வங்கியில் பணியாற்றியோர் இருக்கின்றனர். மாதம் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் இவர்கள் அமர்ந்து, உறுப்பினர் கொண்டுவரும் பத்திரங்களைப் படித்துச் சொன்னால் போதும். கணவரை இழந்து, மக்கள் தொலைவில் இருக்க, தரகர் நீட்டும் தாளில் தனியே கையெழுத்திடும் தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். அவர்க்கு இதனினும் பெரிய தமிழ்ப்பணி செய்ய இயலாது.

நிலமும் வீடும் வாழ்வும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி நம்முடையது. அவற்றைப் பிரித்து விலை பேசுவோர் வரும்போது மூன்றையும் சேர்த்தே எண்ணி விடை கூறுவோம்.