களிமண்ணும் கல்லூரியும்

(பூதலூரில் மேல்நிலைப் பள்ளி மாணாக்கரின் பெற்றோர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும் நாளை எதிர்நோக்கி எல்லோரும் வயல் வேலையில் மூழ்கியிருக்கும் இச்சமயத்தில், இத்தனை பேர் வந்து கூடியிருப்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் விதைநெல்லும் அன்று, உரமும் அன்று. களிமண்ணில் கைவண்ணம் காட்டும் பிள்ளையை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்பதே அது. இதற்கு ஓர் அலுவலர் வந்து பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். வேண்டும் என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நாம் பணியாற்றிய காலத்தில், கூலி வேலை செய்யும் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்குப் பதினேழு வயது. அவன் கொண்டுவந்த துணிமூட்டையை அவிழ்த்தால், தானே வனைந்து சுட்ட கூஜாக்களும் மூடியிட்ட சிறு சாடிகளும் இருந்தன. கைப்பிடியை அவன் பொருத்தியிருந்த பாங்கைக் கண்டு வியந்தோம். கணிதத்திலும் அவனுக்கு நல்ல மதிப்பெண். ‘செராமிக்’ என்ற பெயரில் பொறியியல் படிப்பு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். பெயர் பொருந்தியது, மதிப்பெண்ணும் பொருந்தியது. அதற்குமேல் ஆராயாமல் அதிலேயே சேரச் சொன்னோம்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் அவன் படிப்பை விட்டு ஊர் திரும்பிவிட்டான். கல்லூரியின்மேல் குற்றம் இல்லை. உலைச் செங்கல், மின்காப்பான், வெப்ப இயக்கவியல் என்று கற்பிக்க வேண்டியதைத்தான் அவர்கள் கற்பித்தார்கள். அவனோ சக்கரத்தின் முன் உட்காரும் நாளுக்காக மூன்று பருவம் காத்திருந்தான். தந்தைக்குக் கடன் மிஞ்சியது. “ஐயா சொன்னீங்கன்னுதான் சேத்தேன்” என்று அவர் கூறிய சொல் இன்றும் நம் காதை விட்டு அகலவில்லை.

ஆதலின் முதலில் தெளிய வேண்டியது இது: ‘செராமிக்’ என்னும் ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வாயில்கள் இருக்கின்றன.

ஒன்று பொறியியல். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்றவர்க்கு உரியது. உருக்காலைகளின் உலைகளுக்கு உள்ளே பதிக்கும் தீச்செங்கல், தரை ஓடு, மின்கம்பத்துக் காப்பான் முதலியவற்றை ஆக்கும் ஆலைகளுக்கு அறிஞரைத் தருவது அது. இரண்டாவது, பட்டயப் படிப்பு. விருத்தாசலத்தில் இதற்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண் அருகிலேயே கிடைப்பதால் அவ்வூரில் பீங்கான் தொழில் வேரூன்றியது. விரைவில் சம்பளம் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு இவ்வழி ஏற்றது.

மூன்றாவதுதான் கலைப்படிப்பு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் முயற்சியால் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கே பீங்கான் வடிவமைப்புக்குத் தனிப் பட்டப்பிரிவு உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பு. சேரும்முன் வரைதிறனைச் சோதிக்கும் தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குவித்தவனும் பென்சில் பிடித்து ஒரு பானையை நிழலும் ஒளியுமாக வரையத் தெரியாவிட்டால் அங்கே திண்டாடுவான். ஆகவே பதினோராம் வகுப்பிலேயே வரையத் தொடங்க வேண்டும்.

வடநாட்டில் அகமதாபாத்தில் 1961-இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும், காசி இந்துப் பல்கலைக்கழகமும் இத்துறையைக் கற்பிக்கின்றன. அகமதாபாத்தில் கட்டணம் மிகுதி. இடம் கிடைப்பதும் அரிது. முயல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை ஒன்றையே நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள்.

தொழில்நுட்பம் கற்கப் போனவர் கலைஞராவதில்லையா என்று ஒருவர் கேட்கலாம். ஆனதுண்டு. நிலவியல் பயின்ற சர்தார் குருசரண் சிங், பாண்டத் தொழில் கற்க 1919-இல் ஜப்பான் சென்றார். அங்கே ஹமாதா ஷோஜி, பெர்னார்ட் லீச் முதலிய கலைஞரின் தொடர்பு வாய்த்தது. பின்னாளில், 1952-இல், டில்லியில் புகழ்பெற்ற நீலப்பாண்டக் கூடத்தை அமைத்தார். அவருக்கு அத்தகைய நட்புக் கிடைத்தது. எல்லோர்க்கும் கிடைக்கும் என்று நம்பி நிலத்தை அடகு வைக்க முடியாது.

இனி, பிள்ளையின் கையைப் பாருங்கள். களிமண்ணைக் கொடுத்தால் அவன் என்ன செய்கிறான்? யானை, குதிரை, மனித முகம் என்று உருவமாகவே செய்கிறானா? அப்படியானால் அவன் நாடுவது சிற்பமாக இருக்கலாம். சிற்பத்துக்குக் கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூர் வழியாக ரயிலில் போய்வரும் தூரந்தான். சென்னை விடுதிச் செலவை எண்ணி அஞ்சும் பெற்றோர் இதை முதலில் சிந்திக்க வேண்டும். கிண்ணம், சாடி, கூஜா என்று கலமாகவே வனைந்து, அதன் மேற்பூச்சு ஏன் சூளையில் நிறம் மாறியது என்று துருவித் துருவிக் கேட்கும் பிள்ளையே பீங்கான் கலைக்கு உரிய பிள்ளை.

அந்தக் கேள்வி முக்கியமானது. நம் பக்கத்து வேளார் சுடும் செம்மண் பாண்டம் ஏறத்தாழ 900 அல்லது 1000 பாகை செல்சியசில் வெந்துவிடும். பீங்கானோ 1250 பாகைக்கும் மேற்பட்ட சூட்டைக் கேட்கும். நம் வண்டலில் இரும்புச் சத்து மிகுதி. அச்சூட்டில் அது வளைந்து இளகிப்போகும். ஆகவே வெண்களிமண், படிகக்கல், பெல்ட்ஸ்பார் இவற்றை அளந்து கலக்கக் கற்க வேண்டும். கலைதானே என்று வேதியியலை வெறுக்கும் மாணவன் இங்கும் இடர்ப்படுவான்.

கல்லூரியின் கையேட்டைப் படித்து முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் நேரில் போங்கள். சக்கரங்கள் எத்தனை, அவற்றில் ஓடுபவை எத்தனை என்று எண்ணுங்கள். சூளை மாதத்துக்கு எத்தனை முறை மூட்டப்படுகிறது, மாணவர் தாமே மேற்பூச்சைக் கலக்கின்றனரா, பொடியாக வாங்கிப் பூசுகின்றனரா என்று கேளுங்கள். கலவை அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். படிகத்தூள் நுரையீரலில் தங்கினால் போகாது. கூச்சப்படாமல் இறுதியாண்டு மாணவரிடம், சென்ற ஆண்டு படித்து முடித்தவர் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆசிரியர் சொல்லும் விடையைவிட அவ்விடை பயன்படும். பெண்பிள்ளையாயின் தாயும் உடன் சென்று விடுதியைப் பார்த்து வரட்டும்.

வருமானத்தைப் பற்றி மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. கலைப்பட்டம் பெற்றவுடன் மாதச் சம்பளம் வரிசையில் நிற்காது. சொந்தக் கூடம் அமைத்தால் சூளை, சக்கரம், மண், மின்சாரம் என்று முதல் வேண்டும். முதல் சில ஆண்டுகள் கைப்பிடிப்பாகவே கழியும். சிலர் பட்டம் பெற்றபின் தேர்ந்த கலைஞரிடம் தொண்டு செய்து கற்கிறார்கள். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் கூடம் அவ்வாறு பலரை உருவாக்கியது. குடும்பம் பொறுத்திருக்க முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளையும் அக்கணக்கைப் பார்க்கட்டும். அவனிடம் மறைக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு 2022-இலும் மாணவர்க்கு 2024-இலும் மாதம் 1,000 ரூபாய் உதவித் திட்டங்கள் தொடங்கப்பட்டன. தகுதி பற்றித் தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல மறந்தோம். கல்லூரிக்கு முன்னே ஒரு கல்லூரி நம் ஊர்களிலேயே இருக்கிறது. விடுமுறையில் பிள்ளையை ஒரு வேளார் வீட்டில் இரண்டு மாதம் விடுங்கள். மண் மிதித்து, கல் பொறுக்கி, சூளைக்கு வைக்கோல் அடுக்கிய பிறகும் ஆசை குறையாமலிருந்தால், அது ஆசைதான். அவர்களுக்கு நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஏரி மண் எடுக்க வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெற 2024-இல் வழி செய்யப்பட்டது. குயவர்க்கும் அது பொருந்தும். இதை அறியாமல் மண்ணுக்கு விலை கொடுப்போரை நாம் கண்டிருக்கிறோம்.

முன்பு சொன்ன பையன் இப்போது தன் ஊரில் பொங்கல் பானை வனைகிறான். சென்ற தை மாதம் நமக்கு ஒரு சாடி அனுப்பியிருந்தான். மூடி மிக நன்றாகப் பொருந்துகிறது. கவின்கலைக் கல்லூரியில் சேரும் வயதெல்லை குறித்து இன்னும் அவனுக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறோம். உங்களில் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ சென்று பார்த்துவர விரும்புவோர், பிள்ளை செய்த பொருள் ஒன்றையும் வரைந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் ஒன்றிய அலுவலகத்துக்கு வாருங்கள்.