கோப்பி இலையில் வந்த துரு

(எங்கட மாதாந்தக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை அப்படியே விட்டிருக்கிறேன்.)

நான் படிக்கிறது தாவர நோயியல். போன கூட்டங்களில் காணி, கடன், இராணுவம் எண்டு பெரிய விசயங்கள் பேசினோம். நான் இண்டைக்கு ஒரு பூஞ்சணத்தைப் பற்றிப் பேசப்போறன். சிரிக்காதேங்கோ.

போன வருசம் எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணப் பேச்சு வந்தது. பெடியனின் தாய் பதுளைப் பக்கம் எண்டு தெரிஞ்சதும் ஒரு உறவுக்காரர் சொன்னார்: "அவை இந்தியாவில இருந்து கூலிக்கு வந்த ஆக்கள் எல்லோ? வந்தவை திரும்பிப் போகாமல் நிண்டிட்டினம்." பேச்சு அதோட நிண்டு போச்சு. நான் அந்த மேசையில இருந்தனான். வாய் திறக்கேல்ல. பிறகுதான் யோசிச்சன்: அவை ஏன் திரும்பிப் போகேல்ல எண்டதுக்கான விடை என்ர பாடப்புத்தகத்திலேயே இருக்கு.

1869இல், இதே பதுளை மாவட்டத்தில் இருக்கிற மடுல்சீமைப் பக்கம், கோப்பி இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் தூள் தெரிஞ்சது. விரலால் தொட்டால் ஒட்டும். இலை உதிரும், இலை இல்லாத செடி காய்க்காது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியார் மைல்ஸ் பெர்க்லி அதைப் பார்த்து ஹெமிலேயா வாஸ்ராட்ரிக்ஸ் எண்டு பெயர் வைச்சார். இரண்டாவது சொல்லுக்கு நாசம் செய்பவள் எண்டு அர்த்தம். இதே பெர்க்லிதான் 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழுகலுக்கும் ஒரு பூஞ்சணம்தான் காரணம் எண்டு வாதாடினவர். அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். அப்பவும் அயர்லாந்துத் துறைமுகங்களில் இருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. கிழங்கை அழித்தது நோய். தானியத்தைக் கப்பலில் ஏற்றினது நோய் இல்லை.

இலங்கையிலும் அதே கதைதான். பிரித்தானியத் தோட்டத் துரைமார் மலைக் காட்டை வெட்டி, இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை மலைக்கு மலை நட்டார்கள். துருவின் வித்திகள் காற்றில் போறவை. தடுக்க மரமும் இல்லை, வேற பயிரும் இல்லை. 1880இல் மார்ஷல் வார்ட் எண்ட இளம் விஞ்ஞானியை ஆராயக் கொண்டுவந்தார்கள். அவருக்கு அப்ப இருபத்தாறு வயது, எங்கட வயதுதான். துரைமார் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவரோ, இப்பிடித் தொடர்ச்சியாக ஒரே பயிரை நட்டால் நோய் இப்பிடித்தான் பரவும் எண்டார். அவர்களுக்கு அது பிடிக்கேல்ல.

நோய் வந்த உடனேயே கோப்பி விழுந்துபோகவில்லை. உலகச் சந்தையில் விலை நல்லா இருந்தபடியால், விளைச்சல் குறையக் குறையப் புதுக் காட்டை வெட்டி ஈடுகட்டினார்கள். 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கர். அந்த வருசங்களில்தான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். பசியில் கிளம்பின சனம் மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மலைக்கு நடந்து வந்தது. வழியில் வாந்திபேதியில் செத்தவர்கள் கனபேர். மலையில் காத்திருந்தது செத்துக்கொண்டிருந்த ஒரு பயிர். தோட்டங்கள் முறிந்தபோது பல இடங்களில் சம்பளம் மாதக்கணக்காகக் கிடைக்கவில்லை. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் விழுந்தது. வங்கியின் வீழ்ச்சி பற்றி எழுதினவர்கள் நிறைய. கிடைக்காத சம்பளத்தைப் பற்றி எழுதினவர்கள் குறைவு.

இனித்தான் முக்கியமான இடம்.

கோப்பி பருவத்துக்குக் காய்க்கிற பயிர். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பழம் பறிச்சு முடிய ஊருக்குத் திரும்பிப் போவார்கள், அடுத்த வருசம் வருவார்கள். தேயிலை அப்பிடி இல்லை. கொழுந்து வருசம் முழுக்க வரும், ஏழு பத்து நாளுக்கு ஒருக்கா அதே செடியில் எடுக்கோணும். பருவத்துக்கு வந்து போற ஆளை வைச்சு அதைச் செய்ய ஏலாது. துரைமாருக்கு மலையிலேயே நிற்கிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். கொழுந்தெடுக்கப் பெண்கள், கூடவே வேலை செய்யப் பிள்ளைகள், எல்லாரையும் அடைக்க லயன் அறைகள். போக நினைச்சாலும் கடன் விடாது. ஒரு ஆளின் கடனை எழுதின துண்டைக் கங்காணி வைச்சிருப்பார், வேற தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் மாறலாம். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 ஆச்சு.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது வெறும் 19 ஏக்கரில். நூற்றாண்டு முடியமுன்னம் அது மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டினது. (கோப்பி செத்ததால்தான் ஆங்கிலேயர் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்கள் எண்டு இணையத்தில் ஒரு கதை சுத்துது. பொய். அதுக்கு நூறு வருசத்துக்கு முதலே குடிச்சவை.)

ஆக, "திரும்பிப் போகாமல் நிண்டிட்டினம்" எண்டதை அந்த ஆட்களின் விருப்பமாக மட்டும் சொல்ல ஏலாது. பயிர் மாறினது, முதலாளியின் தேவை மாறினது, அந்தத் தேவைக்கு ஏற்றமாதிரிக் குடும்பங்களை மலையில் கட்டிப்போட்டார்கள். அப்பிடி நிரந்தரமாக்கின சனத்தை 1948 குடியுரிமைச் சட்டம் "நீங்கள் இந்த நாட்டவர் இல்லை" எண்டது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரிச்சார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பம். அதில் ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

இது பழங்கதை எண்டு நினைக்காதேங்கோ. 2012இல் இதே துரு மத்திய அமெரிக்கக் கோப்பியை அடிச்சது. அடுத்த வருசம் குவாத்தமாலா அவசரநிலை அறிவிச்சது. நோய் வந்த தோட்டத்தில் முதலில் வேலை போனது பழம் பறிக்கிற கூலிக்குத்தான். அதில் பலர் வடக்கே எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களை அங்க எப்பிடிக் கூப்பிட்டார்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்.

என்ர ஆய்வுக்கூடத்தில் துருவை எதிர்க்கிற ரகங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவினம். தேவையான வேலைதான், நானும் அதைத்தான் செய்யிறன். ஆனால் எதிர்ப்பு ரகம் தோற்றுப்போற அண்டைக்கு ஆற்றை சம்பளம் நிக்கும் எண்ட கேள்வி அங்க வாறதில்லை. அதை இங்க கேட்கலாம் எண்டுதான் வந்தனான்.

அந்த உறவுக்காரருக்கு இதை இன்னும் சொல்லேல்ல. சித்திரை வருசப்பிறப்புக்கு வீட்ட வருவார். அம்மா முதல் வேலையா அவருக்குத் தேத்தண்ணி ஊத்துவா. அப்ப கதையைத் தொடங்கலாம் எண்டு இருக்கிறன்.