மேடை போடுமுன் கணக்கைத் திறப்போம்

   

வருகிற சீசனில் இந்த அறுகம்பேக் கரையில் ஓர் இசை விழா வைப்போம், சேருகிற சல்லி முழுவதையும் தருமத்துக்குக் கொடுப்போம் என்று நமது இளைஞர்கள் கேட்கிறார்கள். நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்து ஆதரிக்கிறேன்.

2005 ஜனவரி 22ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். சுனாமி அடித்து நாலு கிழமைகூட முடியவில்லை. பாடசாலைக் கட்டடங்களிலும் பள்ளிவாசல்களிலும் கூடாரங்களிலும் நம் சனம் படுத்துக் கிடந்த நேரம். இந்த அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொடுத்திருந்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. அன்றைக்கு வேல்ஸ் நாட்டிலே, கார்டிஃப் நகரத்து மில்லேனியம் விளையாட்டரங்கில், அறுபதாயிரம் பேருக்கு மேல் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எரிக் கிளாப்டன் முதலான கலைஞர்கள் பாடினார்கள். சுனாமியில் அடிபட்டவர்களுக்கென்று பன்னிரண்டரை இலட்சம் பவுண் சேர்ந்தது. மருதமுனை எங்கே, சாய்ந்தமருது எங்கே என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரியாமலே கொடுத்தார்கள். உலகம் நமக்காகப் பாடியது. நாம் யாருக்காகப் பாடினோம் என்ற கேள்வி இருபது வருடமாக நம் முன்னால் நிற்கிறது.

அதே கிளாப்டன் 1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க்கிலும் ஒரு மேடையில் நின்றார். முந்திய வருடம்தான் போலாப் புயல் கிழக்கு வங்காளத்தை அழித்திருந்தது. அதன் மேல் யுத்தம். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் போனார்கள். சித்தார் மேதை ரவிசங்கர் தன் சிநேகிதர் ஜோர்ஜ் ஹரிசனிடம் மனம் விட்டுச் சொன்னார். 25,000 டொலர் கிடைத்தால் போதும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஒரே நாளில் இரண்டு காட்சி, நாற்பதாயிரம் பேர், இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் டொலருக்கு மேல் யுனிசெப்பிடம் போய்ச் சேர்ந்தது. மேடையில் முதலில் அமர்ந்தவர்கள் யார் தெரியுமா? ரவிசங்கரும், சரோட் வாசித்த அலி அக்பர் கானும், தபேலாவில் அல்லா ரக்காவும். அலி அக்பர் கானின் வாப்பா அலாவுதீன் கான்தான் ரவிசங்கருக்குக் குரு. மகனும் சீடனும் ஒன்றாக இருந்து, தங்கள் பூர்வீக மண்ணுக்காக வாசித்தார்கள். ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் இப்படிச் சேர்ந்து வாசித்ததன் பொருளைக் கிழக்கு மாகாணத்தில் வாழ்கிற நமக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனித்தான் என் நிபந்தனைக்கு வருகிறேன். அந்தக் கச்சேரியின் இசைத்தட்டும் படமும் பல மில்லியன் டொலர் உழைத்தன. ஆனால் கச்சேரிக்கு முந்தியே முறைப்படி ஓர் அறநிதியின் பேரில் ஒழுங்கு செய்யாதபடியால், அந்தச் சல்லியின் பெரும் பகுதி வரிப் பிரச்சினையில் மாட்டிப் பத்து வருட அளவில் முடங்கியது. பசித்த பிள்ளைக்கென்று வாங்கிய பணம், பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு போனது. அவர்களுடைய மனம் சுத்தம். கடதாசி வேலை பிந்திவிட்டது.

நியூயோர்க்குக்கு ஏன் போவான்? அக்கரைப்பற்று நுரைச்சோலைக்குப் போங்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியா கொடுத்த பணத்தில் 500 வீடுகள் எழும்பின. வழக்கும் இழுபறியுமாக, கட்டிய வீடுகள் வருடக் கணக்கில் ஆளில்லாமல் காடு மண்டிக் கிடந்தன. நம் கண் முன்னால் நடந்தது இது. அதனால்தான் சொல்கிறேன், கொடுக்கிற மனமும் கொட்டுகிற பணமும் இருந்தால் மட்டும் காணாது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு, எந்தத் திகதிக்குள் போகும் என்று பாட்டுத் தொடங்குமுன் எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு மனிதன் தன் ஸதகாவை மறைத்துக் கொடுப்பது சிறப்பு. ஊரின் பேரில் சேர்த்த சல்லியை ஒரு சதம் விடாமல் ஊருக்கு முன்னால் விரித்து வைக்க வேண்டும்.

பெரியவர்கள் சிலருக்கு மனத்தடை இருப்பதும் எனக்குத் தெரியும். வெளியூர்க் கூத்தும் குடியும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். மேடைப் பக்கம் மது வரக் கூடாது. பாங்கு சொல்லும் நேரம் ஒலிபெருக்கி அடங்க வேண்டும். உம்மாமார் பிள்ளைகளோடு வந்திருந்து கேட்கக்கூடிய விழாவாக அது இருக்க வேண்டும். அதே நேரம், பாட்டு இந்தக் கரைக்குப் புதிதில்லை. வயல் வெளியில் கவி பாடிய கிழவிமாரும், நோன்புக் காலத்தில் றபான் தட்டிச் சஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாவும், கலியாண வீட்டுப் பொல்லடியும் நம்முடையவை. அரோகரா சொல்லிப் பாடிக்கொண்டு கதிர்காமத்து அடியார்கள் வருடா வருடம் நம் பாலத்தைத் தாண்டி உகந்தைக்கு நடக்கிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். அதே மனிதர்தான் கிழக்கில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஓடித் திரிந்தவர். தமிழ்நாட்டு எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974இல் மகசேசே விருது கிடைத்தது பொதுச் சேவைக்காக. பாடிச் சேர்த்த பணத்தை ஆயுள் முழுக்க அறப்பணிகளுக்குக் கொடுத்த பெண் அவர்.

சேரும் காசை எதற்குக் கொடுப்பது? நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கக் கொடுப்போம் என்கிறேன். சுனாமிக்குப் பிறகு அம்பாறை முகாம்களில் 859 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள் இறந்திருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட இறந்திருந்தது. கடலோரத்தில் பிறந்து, கடலில் இறங்கத் தெரியாத பெண்கள்! 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அள்ளிப்போன மதரஸாப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பேச்சு வராது. அந்தப் பாதையில் ஒரு கயிறும் சில மிதவைச் சட்டைகளும் இருந்திருந்தால் என்று எத்தனை தாய்மார் நினைத்திருப்பார்கள். நீச்சல் பழக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. 2018இல் இங்கே தொடங்கிய பெண்கள் சேர்ஃபிங் கழகம் இலங்கையிலேயே முதலாவது. அந்தத் தங்கச்சிமார் அலையை அறிந்தவர்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே பழக்கலாம். எந்த வாப்பாவும் மறுக்கமாட்டார்.

தலைவர் அவர்களே, பாடகர்களைத் தேடும் குழுவுக்கு முந்திக் கணக்குக் குழுவை இன்றைக்கே தெரிவு செய்யும்படி இந்தச் சபையில் பிரேரிக்கிறேன். அதில் பாதிப் பேர் பெண்களாகவும், முஸ்லிம், தமிழ், சிங்களம் மூன்று பக்கத்தாரும் இருக்கவேண்டும். வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, அதன் இலக்கத்தை நுழைவுச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். விழா முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்ட வேண்டும். இந்தப் பிரேரணையை வழிமொழிகிறவர் எழுந்து தன் பெயரைச் சொல்லுங்கள்.