கடல் கடந்த நம்மவரைத் தேடி
(பங்கு ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



"எங்கள் பாட்டன் திண்டுக்கல் பக்கம், பெயர் சவரிமுத்து" என்று சொல்லிக்கொண்டு இலங்கையிலிருந்து ஒருவர் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? "இங்கே சவரிமுத்து இல்லாத வீடு எது?" என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். அப்படி அனுப்ப வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் கங்காணியின் முன்பணத்தை வாங்கிப் புறப்பட்டவர்கள் ஏராளம். அதற்கும் முன்பே காப்பித் தோட்டங்களுக்காக இராமநாதபுரக் கரைவரை நடந்து, தோணியேறி, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

அவர்களுடைய காகிதங்களில் "மதுரை ஜில்லா" என்றே இருக்கும். 1985 வரை நாம் மதுரை மாவட்டம். ஆகவே தேடி வருகிறவர்கள் மதுரையில் அலைந்து ஏமாறுகிறார்கள். 2003 வரை திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இனி ஞானஸ்நானப் பதிவேடு. பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கும். நம் ராயப்பன் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், அருளப்பன் யோவான்னெஸ். இது தெரியாமல் புரட்டினால் சொந்தப் பாட்டனையே தாண்டிப் போய்விடுவோம்! பெயரோடு தகப்பன் பெயர், ஊர், ஞானத்தாய் தகப்பன் பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் எந்தச் சவரிமுத்து என்பது தெளியும்.

பக்க ஓரத்தையும் பாருங்கள். 1908-ல் நடப்புக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் வந்து ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். எல்லாச் சுவாமிமாரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் கண்டியிலோ அட்டனிலோ நடந்த கலியாணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தாலும் அறுந்த நூல் சேர்ந்துவிடுமே!

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கோ கப்பல் பட்டியலே உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். அன்பினால் அல்ல, ஓடிப்போனால் பிடிக்க!

1948-ல் இலங்கையில் தோட்டத் தமிழர் குடியுரிமை இழந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டது. வந்தவர்களின் கடவுச்சீட்டில் சொந்த ஊர் இருந்தது. ஊரில் அவர்களைத் தெரிந்தவர் இல்லை. அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்". அப்படி அழைத்தவர்கள் நாமும்தான்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அக்கரையிலிருந்து வந்த பழைய கடிதம் கிடக்கலாம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வேறு, நம்மவர் வைத்த தமிழ்ப் பெயர் வேறு. ஆகையால் உறையைக் கிழித்தெறியாதீர்கள். அஞ்சல் முத்திரைதான் இடத்தைக் காட்டும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், படியெடுத்துக்கொண்டு கடிதத்தை அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.