மிஞ்சிய காலை யார் பார்ப்பது?

உரும்பிராய்ப் பெரியோரே, தாய்மாரே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வந்து முன்வரிசையில் இருக்கிற என் உறவுகளே!

இந்த நாட்டில் வைத்தியம் இலவசம். அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். வருத்தம் முற்றியபின் காவிக்கொண்டு போனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கதவைத் திறக்கிறது. வருத்தம் வரமுன் பார்க்கிற வைத்தியம் உங்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

கண்ணிவெடியில் ஒரு காலை இழந்த ஒருவரை எடுங்கள். யுத்தம் முடிந்த 2009 இல் அவருக்கு இருபத்தைந்து வயதென்றால், இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். சீனி வருத்தம் தலைகாட்டும் வயது. பொய்க்கால் பூட்டியவரின் உடற்பாரத்தில் பெரும்பங்கை மற்றப் பாதந்தான் தாங்குகிறது. சீனியால் அந்தப் பாதம் மரத்துப்போனால், செருப்பு வார் உரசி வந்த கொப்புளங்கூட அவருக்குத் தெரியாது. தெரியவரும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும். பிறகு அந்தக் காலும் போகும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நேரத்தோடு பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய கால் ஐயா அது!

35 வயது கடந்தவர்களுக்குப் பிரஷர், சீனி, நிறை எல்லாம் பார்க்க அரசாங்க நிலையங்கள் உண்டே என்பார்கள். உண்டு. நிறை பார்க்கத் தராசில் ஏறி நிற்க வேண்டும். உயரம் பார்க்கச் சுவரோடு சாய்ந்து நிற்க வேண்டும். முள்ளந்தண்டில் அடிபட்டவர் எப்படி நிற்பார்? அவருடைய அட்டையில் அந்த இரண்டு கட்டங்களும் வெறுமையாகவே கிடக்கும். சக்கர நாற்காலியோடு நிறுக்கும் தராசு உலகத்தில் இருக்கிறது. விரித்த கையை அளந்து உயரத்தைக் கணிக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு ஓர் அளவுநாடா போதும்!

பெண்களின் பாடு இன்னும் கொடுமை. 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்கிறார்கள், மார்பகத்தையும் பார்க்கிறார்கள். நடக்கமுடியாத பெண் அந்த உயரக் கட்டிலில் எப்படி ஏறுவாள்? கட்டில்வரை போகமுன் வீட்டாரே மறித்துவிடுகிறார்கள். “உவளுக்கு ஏன் உது? கலியாணமே கட்டேல்லை.” தாய்மாரே, மார்பகப் புற்றுநோய் தாலியைப் பார்த்தா வருகிறது?

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006 இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றம்வரை போய், அந்த விதிகளை நடைமுறைப்படுத்தும்படி 2011 இல் கட்டளை வாங்கினார். 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்புறுதி செய்தது. சுகாதார சேவை கிராமத்திலுங்கூட, மக்களுக்கு முடிந்தவரை அருகிலேயே கிடைக்க வேண்டும் என்று அதன் 25 ஆம் உறுப்புரை சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் வாசலில் படி நிற்கிறதென்றால், அது அசட்டையன்றி வேறென்ன?

ஆளில்லை, காசில்லை என்று மறுமொழி வரும். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் வீடு தேடிப் போகிற சேவை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு குடும்பநல மாது வருகிறார். அதே வளவின் பின்னறையில் பதினைந்து வருடமாகப் படுக்கையில் கிடக்கும் மாமனை யாரும் பார்ப்பதில்லை; அவர் எந்தச் சுகாதாரப் பதிவேட்டிலும் இல்லை. முதுகிலே படுக்கைப் புண் வருகிறதா, சலத்தில் கிருமி ஏறிச் சிறுநீரகத்தைத் தின்கிறதா என்று கேட்க ஆளில்லை. அந்த மாதுவின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றச் சொல்லவில்லை. அவரோடு கூடப்போக இன்னொருவரை நியமியுங்கள் என்கிறேன். காலை வெட்டி, மாதக்கணக்கில் வார்ட்டில் வைத்துப் பார்ப்பதைவிடவா அது செலவு?

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு பெறுகிறவர்களின் பட்டியல் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு அது கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்தில் ஒருமுறையாவது பிரஷர் கருவியோடு ஒருவர் போகட்டும். அதிகாரிகளே, சாய்தளம் கட்டிவிட்டோம் என்று மட்டும் ரிப்பன் வெட்ட வராதீர்கள். அதில் ஏறிவருகிறவரை நிறுக்கும் தராசையும், பதித்து உயர்த்தும் கட்டிலையும் உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். நாங்களே மாலையோடு வாசலில் நிற்போம்.